அம்மா எப்ப வரும்?

பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளையைக் குண்டுக்கட்டாகத் தூக்கிவருவதற்கென்றே திண்ணைப் பள்ளிகளில் ஆள் இருந்தது. மாணவர்களுக்குத் தலைவனான சட்டாம்பிள்ளையோடு பெரிய பையன்கள் சிலர் கிளம்புவார்கள். ஒருவன் கையைப் பிடிப்பான், இன்னொருவன் காலைப் பிடிப்பான். தெரு வேடிக்கை பார்க்க, அலறுகிற பிள்ளையை அண்ணாவியின், அதாவது வாத்தியாரின், முன்னால் கொண்டுவந்து இறக்குவார்கள். அந்த அழுகை எதையோ சொல்கிறது என்று யாரும் நினைக்கவில்லை. அது அடம், அடத்துக்கு மருந்து பிரம்பு. பிரம்புக்கும் மசியாவிட்டால் கோதண்டம், அதாவது உத்தரத்துக் கயிற்றில் தொங்கவிடுகிற தண்டனை.

அந்தப் பள்ளிக்காக ஏங்கி நான் இதை எழுதவில்லை. ஆனால் அங்கே இருந்த ஒன்றை நாம் கவனிக்காமலே தொலைத்துவிட்டோம். பள்ளி என்பது அதே தெருவில் நாலு வீடு தள்ளியிருந்த ஒரு திண்ணை. அண்ணாவி யார், அவர் வீட்டுக் கிணறு எங்கே, அவர் வீட்டு மாடு என்ன நிறம் என்பதெல்லாம் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து மணலில் எழுதுகிறவன் பெரியப்பா மகன். உச்சிவேளையில் சாப்பிட வீட்டுக்கு வந்துவிடலாம். அம்மா வாசலில் நின்று யாரையாவது சத்தம்போட்டுக் கூப்பிட்டால் அந்தக் குரல் திண்ணைவரை கேட்கும். விஜயதசமியன்று முதல் எழுத்துப் போடும்போதுகூடப் பிள்ளை அப்பா மடியிலோ தாய்மாமன் மடியிலோதான் உட்கார்ந்திருந்தது; தாம்பாளத்தில் பரப்பிய நெல்லில் அதன் விரலைப் பிடித்து எழுதவைத்தார்கள். வீட்டைவிட்டு வெளியே போவது என்பது சிறுகச் சிறுக, தெரிந்த முகங்களுக்கு நடுவில் நடந்தது.

இன்று பிள்ளையிடம் பேசுகிற விதம் எவ்வளவோ மாறிவிட்டது. அடிப்பதில்லை, மிரட்டுவதில்லை, 'பிரிவுப் பதற்றம்' என்று பெயர்கூட வைத்துவிட்டோம். ஆனால் பிள்ளையைச் சுற்றியிருந்த தெரு, பந்து ஜனம், அம்மாவின் குரல் எட்டுகிற தூரம் எல்லாம் போய்விட்டன. பாதி ஆற்றுக்குப் பாலம் கட்டிவிட்டு மீதியை நீந்தச் சொல்கிறோம்.

வயதும் இறங்கிவிட்டது. வலக் கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக் காதைத் தொட்டால்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பார்கள் என்று எங்கள் தலைமுறைக்கு ஒரு கணக்கு இருந்தது. கை எட்டுவதற்குள் ஐந்து வயது முடிந்துவிடும். இப்போது இரண்டரை வயதில் ப்ளே ஸ்கூல், மூன்றரையில் எல்.கே.ஜி. இந்த இரண்டரை வருட வித்தியாசம் சின்னதல்ல. பிறந்து எட்டு மாதம் வாக்கில்தான் குழந்தைக்கு அம்மா வேறு, மற்றவர் வேறு என்பது உறைக்கத் தொடங்குகிறது. ஒரு வயதுக்கு மேல் அந்தப் பயம் உச்சத்துக்குப் போகும். மூன்று வயதை ஒட்டி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு வேகத்தில், தணியும். கண்ணில் படாத அம்மா உலகத்தில் எங்கோ இருக்கிறாள், திரும்பி வருவாள் என்ற நம்பிக்கை அதற்குள்தான் ஊறவேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது ஊறியிருக்கும். இரண்டரை வயதுக்காரனுக்குப் பாதி ஊறியிருக்கும், பாதி ஊறியிருக்காது. அவன் பொய்யாக அழவில்லை. அம்மா திரும்பி வருவாள் என்று அவனுக்கு உண்மையிலேயே தெரியாது.

இந்த இரண்டு காலத்துக்கும் நடுவில் தமிழ்நாட்டில் ஒரு நல்ல காலம் இருந்தது. அது பால்வாடியின், இன்று அங்கன்வாடி என்கிற இடத்தின், காலம். 1970களின் தொடக்கத்தில், பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகளைப் பற்றி ஆராய்ந்த மத்திய அரசுக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் மீனா சுவாமிநாதன். 1975 அக்டோபர் 2ஆம் தேதி ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. 1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்தபோது, இரண்டு வயதிலிருந்தே பிள்ளைகளுக்கு மதியச் சோறு என்று ஆனது. கிராமத்தில் பிள்ளையை இரண்டு வயதில் ஓர் இடத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகலாம் என்ற எண்ணம் அந்தச் சோற்றோடு பரவியது.

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் சித்தி பால்வாடி டீச்சராக இருந்தார். விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் நானும் அங்கேயே கிடப்பேன். ஓட்டுக் கட்டடம், ஒற்றை அறை, பின்னால் அடுப்படி. காலையில் ஆயாம்மா தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார். இடுப்பில் ஒன்று, இரண்டு கையிலும் இரண்டு, பின்னால் ஒரு வரிசை. நடவுக்குப் போகிற பெண்கள் வழியிலேயே பிள்ளையை அவரிடம் கொடுத்துவிட்டு வயலுக்கு இறங்குவார்கள்.

புதிதாக வந்த பிள்ளையை அவர்கள் எப்படிப் பழக்கினார்கள் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு பெண் குழந்தை. மூக்கு ஒழுக, வாசற்படியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது. உள்ளே வர மறுத்தது. சித்தி அதை இழுக்கவில்லை, கதவையும் சாத்தவில்லை. ஆயாம்மா முறத்தில் முருங்கைக்கீரையோடு வந்து அதே படியில், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கீரையை உருவத் தொடங்கினார். பிள்ளையின் பக்கம் திரும்பவேயில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கொத்தை அதன் கையில் கொடுத்தார். அது தூர எறிந்தது. இன்னொன்று கொடுத்தார். அதையும் எறிந்தது. மூன்றாவதை எறியாமல் கையிலேயே வைத்திருந்தது. பிறகு ஒவ்வொரு இலையாகக் கிள்ளி முறத்தில் போட்டது. நடுவில் நினைவு வந்து, "அம்மா எப்ப வரும்?" என்று கேட்டு மறுபடி உதடு பிதுங்கியது.

"சோறு தின்னுட்டு, ஒரு தூக்கம் தூங்கி எந்திரிச்சா அம்மா வந்துரும் சாமி."

அவ்வளவுதான் பதில். அன்று முழுக்க எத்தனை தடவை கேட்டாலும் ஆயாம்மாவிடமிருந்து அதே பதில், அதே வரிசையில் வந்தது. சோறு வந்தது. பாய் விரித்தார்கள். எழுந்தபோது, முழங்கால்வரை சேறு காய்ந்த காலோடு அவள் அம்மா படியில் உட்கார்ந்திருந்தாள்.

குழந்தை உளவியல் என்று ஒன்றையும் அந்த ஆயாம்மா படித்ததில்லை. ஆனால் 'மூன்று மணி' என்ற சொல் இரண்டு வயதுப் பிள்ளைக்கு வெறும் சத்தம், 'சோறு, தூக்கம், அம்மா' என்ற வரிசைதான் அதற்குப் புரிகிற கடிகாரம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அழுகிற பிள்ளையை ஆளாளுக்குத் தூக்கிக் குலுக்காமல் ஒருவரே பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதும், சும்மா இருக்கும் கைக்கு ஒரு வேலை கொடுக்கவேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. எல்லாவற்றையும்விட, அம்மா போன வழி கண்ணில் படும்படி வாசல் திறந்திருக்கவேண்டும் என்பது தெரிந்திருந்தது. இன்று ப்ளே ஸ்கூல் ஆசிரியைகளுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லித்தருவதும் பெரும்பாலும் இதைத்தான்.

எல்லாப் பால்வாடியும் அப்படி இருந்ததில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஒரே ஆயாவிடம் ஒரு கூட்டம் பிள்ளைகள் இருந்த இடங்களில் 'ஊசி போட்டுருவேன்', 'பூச்சாண்டி பிடிச்சுக்கிட்டுப் போயிருவான்' என்பவையே தாலாட்டாக இருந்தன. பயந்து அடங்கிய பிள்ளையைப் பார்த்து, 'பரவாயில்லை, பழகிருச்சு' என்றார்கள்.

அடங்கிய பிள்ளை பழகிய பிள்ளை அல்ல. இதை உலகுக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். மனநல மருத்துவர் ஜான் பௌல்பியோடு லண்டனில் வேலை செய்தவர். மருத்துவமனையில் சேர்த்த குழந்தைகளைப் பெற்றோர் நினைத்தபோது பார்க்க முடியாத காலம் அது. சிறிய அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் தங்கவந்த லாரா என்ற இரண்டு வயது ஐந்து மாதச் சிறுமியை அவர் படம்பிடித்தார். 1952இல் அந்தப் படம் வெளியானது. லாரா ஓயாமல் கத்தவில்லை. பெரும்பாலும் அமைதியாகவே இருந்தாள். ஆனால் முகம் நாளுக்கு நாள் இறுகியது, அடிக்கடி அம்மாவைக் கேட்டாள், பார்க்க வந்த அம்மாவிடம் முகம்கொடுக்கத் தயங்கினாள். படத்தைப் பார்த்த மருத்துவர்கள் பலர் கோபப்பட்டார்கள். ஆனாலும் 1959இல் பிரிட்டனில் வந்த பிளாட் குழு அறிக்கை, பெற்றோர் தடையின்றி வந்து குழந்தையைப் பார்க்கலாம் என்று பரிந்துரைத்தது. முதலில் எதிர்த்து அழுவது, பிறகு சோர்ந்துபோவது, கடைசியில் ஒட்டாமல் விலகிவிடுவது என்ற மூன்று கட்டங்களை ராபர்ட்சனும் பௌல்பியும் எடுத்துச் சொன்னார்கள். நீண்ட பிரிவைப் பற்றிச் சொன்னதுதான் அது. மூன்று மணி நேர மழலையர் வகுப்புக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் வகுப்பின் மூலையில் பையைக் கட்டிக்கொண்டு யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து, 'இவன் சமர்த்து, தொந்தரவே இல்லை' என்று நகர்ந்துபோகிறவர்கள் அந்தப் படத்தை நினைத்துக்கொள்ளவேண்டும்.

இப்போது ஜூன் மாதம் நகரத்தில் எப்படியிருக்கிறது? அடுக்குமாடி வீட்டில் அப்பா, அம்மா, பிள்ளை. சில வீடுகளில் பாட்டி, அதுவும் முழங்கால் வலி வருகிறவரை. இரண்டரை வருடம் இரண்டு மூன்று முகங்களையே பார்த்து வளர்ந்த பிள்ளை, ஒரு திங்கட்கிழமை காலையில் புதுச் சட்டை, புது ஷூ, புதுப் பையோடு இதுவரை கால்வைக்காத ஒரு கட்டடத்தின் கேட்டில் நிற்கிறது. பெற்றோருக்குக் கேட்டைத் தாண்டி அனுமதி கிடையாது. இதற்கு முன் பார்த்தேயிராத ஒரு அக்கா சிரித்த முகத்தோடு கையை நீட்டுகிறாள். கழுத்தைக் கட்டியிருக்கும் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்கிறார்கள். கேட் மூடுகிறது. உள்ளே பலூன் இருக்கிறது, கார்ட்டூன் வரைந்த சுவர் இருக்கிறது, யாரும் அடிப்பதில்லை. இருந்தாலும் பிரிவு என்னவோ ஒரே வெட்டாக நடந்துவிடுகிறது.

வெளியே அம்மா ஸ்கூட்டியில் உட்கார்ந்து கைபேசியில் பள்ளியின் கேமராவைத் திறக்கிறாள். சத்தமில்லாத சிறு சதுரத்துக்குள் பிள்ளையின் தலை மட்டும் தெரிகிறது. அழுகிறதா, பேசுகிறதா, தெரியாது. அலுவலகத்தில் கூட்டத்துக்கு நடுவில் மேஜைக்கு அடியில் மறுபடி திறந்து பார்க்கிறாள். அந்தத் தவிப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கேமராவில் அம்மா பிள்ளையைப் பார்க்கிறாள், பிள்ளை அம்மாவைப் பார்ப்பதில்லை. கேமராவுக்குச் செலவிடும் பணத்தில் வகுப்புக்கு இன்னொரு ஆயாவைப் போட்டால் பிள்ளைக்குப் பயன் இருக்கும்.

அன்றிலிருந்து இன்றுவரை மாறாமல் வருகிற வழக்கம் ஒன்று உண்டு, அது ஏமாற்றிவிட்டு நழுவுவது. 'அந்தா பார் காக்கா' என்று காட்டிவிட்டு மறைவது, 'கடைக்குப் போய் பிஸ்கட் வாங்கிட்டு வந்துடறேன்' என்று சொல்லிவிட்டுப் போவது. பாட்டிகள் சொல்லித்தந்தார்கள், பேத்திகளும் செய்கிறார்கள். அந்த நிமிடத்து அழுகை மிச்சமாகிறது, உண்மைதான். ஆனால் அன்று சாயங்காலத்திலிருந்து பிள்ளை அம்மாவைக் குளியலறைக்குக்கூட விடாது. கண்ணை எடுத்தால் அம்மா காணாமல் போவாள் என்பதை நாமே அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். சொல்லிவிட்டுப் போனால் பிள்ளை அழும். அழட்டும். அது உண்மைக்கு அழுகிற அழுகை. சொன்னபடி அம்மா திரும்பி வரும் ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் குறையும்.

விடைபெறுவது சுருக்கமாக, நாள்தோறும் ஒரே மாதிரி இருந்தால் நல்லது. ஒரு முத்தம், உள்ளங்கையில் ஒரு தட்டு, 'சோறு சாப்பிட்டு, மிஸ் கதை சொன்னதும் அம்மா வாசல்ல நிப்பேன்', அவ்வளவு போதும். போய்விட்டுத் திரும்பத் திரும்ப வந்து எட்டிப்பார்ப்பது புண்ணைக் கிளறுவதுதான். அம்மாவின் முகம் கலங்கினால் பிள்ளை அதைப் பார்த்து, இந்த இடத்தில் ஏதோ ஆபத்து என்று முடிவுகட்டும். அப்படிப்பட்ட வீட்டில் அப்பாவோ தாத்தாவோ கொண்டுபோய் விடலாம். அம்மாவின் பழைய கைக்குட்டை, வீட்டுப் போர்வையின் ஒரு துண்டு பையில் இருக்கட்டும். இப்படிப்பட்ட பொருள்கள் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய துணை என்பதை வின்னிகாட் என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் 1950களிலேயே எழுதிவிட்டார். அம்மாவின் சேலையைத் தூளியாகக் கட்டிய ஊருக்கு அது புதுச் செய்தியல்ல. பள்ளி தொடங்குவதற்கு மாதக்கணக்கில் முன்பே பக்கத்து வீட்டில், அத்தை வீட்டில் அரைமணி, ஒரு மணி என்று விட்டுப் பழக்குவது பெரிய உதவி. கண்ணாமூச்சி விளையாட்டும் அப்படித்தான். மறைந்த முகம் திரும்பி வரும் என்பதைச் சிரித்துக்கொண்டே படிக்கிற பாடம் அது.

முதல் நாள் அழாமல் போன பிள்ளை மூன்றாவது வாரத்தில் அழத் தொடங்கினால் பலர் பதறிப்போய், பள்ளியில் ஏதோ நடந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் பெரும்பாலும் காரணம் வேறு. புதுமை தீர்ந்து, இது ஒருநாள் விளையாட்டல்ல, தினமும் இப்படித்தான் என்று அப்போதுதான் பிள்ளைக்குப் புரிகிறது. ஞாயிறு முடிந்த திங்களில், காய்ச்சல் லீவு முடிந்த மறுநாளில் பழைய அழுகை திரும்பும். நின்றுபோன விரல் சூப்பலும், படுக்கை நனைப்பும் கொஞ்ச நாள் எட்டிப்பார்க்கும். திட்டாமல் விட்டால் போய்விடும். நான்கு வாரத்துக்கு மேலாகியும் அழுகை தணியாமல், தினம் காலையில் வயிற்றுவலி, வாந்தி, தூக்கத்தில் அலறல் என்று நீண்டால் குழந்தை மருத்துவரையோ உளவியலாளரையோ பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

2022ஆம் ஆண்டை நான் மறக்கமாட்டேன். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய மழலையர் வகுப்புகள் 2022 பிப்ரவரி 16 அன்றுதான் தமிழ்நாட்டில் திறந்தன. அன்று நுழைந்த பிள்ளைகளில் பலர் தம் நினைவு தெரிந்த நாளிலிருந்து நாலு சுவரைத் தாண்டியதில்லை. வாங்கிக்கொள்ள நின்ற ஆசிரியைகளின் முகத்தில் பாதியை முகக்கவசம் மூடியிருந்தது. அந்த வருடம் சில பள்ளிகள் வேறு வழியில்லாமல் கேட்டைத் திறந்து பெற்றோரை வகுப்புக்குள் உட்கார விட்டன. பிள்ளைகள் சீக்கிரம் பழகினார்கள் என்று அந்த ஆசிரியைகளே சொன்னார்கள். அடுத்த வருடம் கேட் மறுபடி மூடிக்கொண்டது. ஏன் என்று கேட்டால் ஒழுங்கு கெடும், மற்றப் பிள்ளைகளும் அம்மாவைக் கேட்கும் என்றார்கள். ஆனால் சிறு குழந்தைகளைப் புது இடத்துக்குப் பழக்க ஜெர்மனியில் 1980களிலிருந்து பரவிய பெர்லின் முறையில், முதல் மூன்று நாள் அம்மாவோ அப்பாவோ குழந்தையோடு அந்த அறையிலேயே இருப்பார்கள், பிரித்துப் பார்ப்பதே இல்லை. நான்காம் நாள்தான் சில நிமிடம் வெளியே போய்ப் பார்ப்பார்கள். பிள்ளை ஆறுதல் அடையும் விதத்தைப் பார்த்து அடுத்த நாட்களை முடிவுசெய்வார்கள். ஒழுங்கு அங்கே கெட்டுவிடவில்லை.

பெற்றோருக்குத் திறந்த வாசல் புதிதுமல்ல. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரத்து சான் லொரென்சோவில் திறந்த முதல் குழந்தைகள் இல்லம், தொழிலாளர் குடும்பங்கள் குடியிருந்த கட்டடத்துக்குள்ளேயே இருந்தது. தாய்மார் நினைத்தபோது எட்டிப்பார்க்கலாம். 1939இல் அதே அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்து பயிற்சி கொடுத்தார், போர்க்காலத்தில் கொடைக்கானலில் வாழ்ந்தார். அவருடைய மர உருளைகளும் எழுத்து அட்டைகளும் நம் நகரங்கள் முழுக்கப் பரவின. பெயரும் பலகையில் ஏறியது. திறந்த வாசல் மட்டும் வந்து சேரவில்லை.

சட்டம் அந்த வாசலை ஓரிடத்தில் திறந்திருக்கிறது. 2017இல் மகப்பேறு பயன் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து, 50 பேரோ அதற்கு மேலோ வேலைபார்க்கும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கவேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம். நல்ல சட்டம். ஆனால் துணிக்கடையில் நிற்கிறவளுக்கும், நாலு தையல் மெஷின் போட்ட கூடத்தில் உட்காருகிறவளுக்கும், வீட்டுவேலை செய்கிறவளுக்கும் அது எட்டுவதில்லை. 2019இல் தமிழ்நாடு அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோது வந்து சேர்ந்தவை பெரும்பாலும் இவர்களுடைய பிள்ளைகள்தான்.

ஐ.டி. கம்பெனியில் இருப்பவள் பிள்ளையின் முதல் வாரத்துக்கு லீவு போடலாம், வீட்டிலிருந்து வேலை கேட்கலாம். எங்கள் குடியிருப்பில் நாலு வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கிற பெண்ணின் மகனுக்கு மூன்று வயது. அவள் வேலைக்கு வருவது காலை ஆறரைக்கு. அந்த நேரத்தில் அங்கன்வாடி திறந்திருக்காது. அவனைக் கொண்டுபோய் விடுகிறவள் மூன்றாம் வகுப்புப் படிக்கும் அக்கா. தம்பி அழுதால் அவளும் கிளம்ப முடியாமல் நிற்கிறாள், அவள் பள்ளியில் மணி அடித்துவிடுகிறது. ஒரு வாரம் காலையில் அம்மாவே அவனோடு உட்கார்ந்திருந்தால் எல்லாம் சரியாகும் என்று அங்கன்வாடி டீச்சர் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வாரத்துக்கு நாலு வீட்டுக்காரர்களும் சம்பளம் பிடிக்காமல் நேரம் கொடுக்கவேண்டும். நாங்கள் இரண்டு வீடு சரி என்று சொல்லியிருக்கிறோம். மற்ற இரண்டு வீட்டிலும் பேசவேண்டியிருக்கிறது.